மூன்டாக்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையின் மேல்மாடியில் மிருதங்க வகுப்பு நடத்துகிறேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஏதாவது ஓர் இசைப்பதிவைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது வழக்கம். மற்ற நாட்களில் பாதிப் பதிவிலேயே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். மூன்டாக்கைப் போட்டால் மட்டும் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அழைத்துப் போக வரும் பெற்றோர் படியில் நின்றபடியே கேட்பார்கள். கீழ்க்கடைக்காரர்கூட ஒருநாள் மேலே ஏறி வந்து கேட்டார். எல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன.

யாரு மாஸ்டர் இந்த மூன்டாக்? நிஜப் பேரா அது?

இயற்பெயர் லூயிஸ் தாமஸ் ஹார்டின். 1916 மே 26 அன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் மேரிஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். 1999 செப்டம்பர் 8 அன்று ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில் தம் 83ஆம் வயதில் காலமானார். இசையமைப்பாளர், தாளக் கலைஞர், கவிதையும் எழுதியவர், பார்வையற்றவர். 1940களின் பிற்பகுதியிலிருந்து 1970களின் தொடக்கம் வரை நியூயார்க்கின் ஆறாம் அவென்யூவில் 52ஆம் தெருவுக்கும் 55ஆம் தெருவுக்கும் நடுவில் அவரைப் பார்க்கலாம். தாமே வடிவமைத்த கருவிகளை அங்கே நின்று வாசித்தார்.

மூன்டாக் என்றால் நிலா நாய். சிறுவயதில் மிசோரி மாநிலத்தின் ஹர்லி என்ற சிற்றூரில் இருந்தபோது அவரிடம் ஒரு நாய் இருந்தது. நிலவைப் பார்த்து அது போல் ஊளையிட்ட நாயைத் தாம் கண்டதில்லை என்பார். அந்த நாயின் நினைவாக 1947இல் இந்தப் பெயரை வைத்துக்கொண்டார்.

பிறவியிலேயே கண்ணு தெரியாதா?

இல்லை. 16 வயதுவரை பார்வை இருந்தது. 1932 ஜூலை 4 அன்று, டைனமைட்டை வெடிக்க வைக்கப் பயன்படும் சிறு வெடிமுனை ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. என்னவென்று தெரியாமல் நோண்டியபோது முகத்துக்கு நேராக வெடித்துவிட்டது. அன்றோடு இரண்டு கண்களும் போயின.

அதன்பின் அவருடைய அக்கா ரூத் தினமும் உட்கார்ந்து அவருக்குப் புத்தகம் படித்துக் காட்டினார். அப்படிப் படித்ததில் வயலின் கலைஞர் ஒருவரைப் பற்றிய நாவலும் இருந்தது. அதைக் கேட்டபோதுதான் இசையமைப்பாளராக வேண்டும் என்று முடிவு செய்தார். ஆனால் 'கண் போனதால் காது திறந்தது' என்று கதை கட்டிவிடாதீர்கள். விபத்துக்கு முன்பே அவர் பள்ளி இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அதற்கும் முன்னால், சிறுவனாக வயோமிங்கில் இருந்தபோது, கிறிஸ்துவப் போதகரான அப்பா அவரை அரப்பாஹோ பழங்குடி மக்களின் சூரிய நடனத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். அங்கே அவர்கள் தலைவரின் மடியில் உட்கார்ந்து எருமைத்தோல் மேளத்தைத் தட்டினான் அந்தச் சிறுவன். தாளம் அங்கிருந்தே அவரோடு வந்தது.

கண்ணு தெரியாம நோட்ஸ் எழுதுறது எப்படி? வேற யாராவது எழுதிக் கொடுத்தாங்களா?

விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்தான பிரெயிலில் எழுதினார். எழுத்துக்குப் பிரெயில் இருப்பதுபோல் இசைக்கும் இருக்கிறது. அந்த எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் தாமே ஆர்கன் வாசித்தவர். 1829இல் அவர் வெளியிட்ட முதல் நூலிலேயே இசைக்கும் வழி வைத்திருந்தார். பிள்ளைகள் இதை ரொம்ப விரும்பிக் கேட்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளி. மேலே உள்ள நான்கு புள்ளிகள் எந்த ஸ்வரம் என்று சொல்லும், கீழே உள்ள இரண்டும் அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்று சொல்லும். ஐந்து கோடு கிடையாது, மேலே ஏறுவதும் கீழே இறங்குவதும் தாளில் படமாகத் தெரியாது. எல்லாம் வரிசையாக, ஒரு வாக்கியம்போல ஓடும்.

சட்டகத்தில் தாளைச் செருகி எழுத்தாணியால் குத்தும்போது வலமிருந்து இடமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி எழுத வேண்டும். தாளைத் திருப்பினால்தான் புள்ளி விரலுக்குத் தட்டும். எங்கள் பகுதியில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. 1951இலிருந்து இயங்குகிறது. அங்கே படித்த ஒருவர் எனக்கு இதை மேசையில் வைத்துக் காட்டினார். டக், டக், டக் என்று ஒரே சீரில் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரியை முடித்துவிட்டார். நான் முயன்றபோது நாலாவது எழுத்திலேயே இடமும் வலமும் குழம்பிப்போனது. இதை மூன்டாக் தெருவில், நின்ற இடத்தில், மேலங்கிக்குள் கையை வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்.

ஆனால் பார்வையுள்ள வாத்தியக்காரர்களால் பிரெயில் படிக்க முடியாதே? அதனால் யாராவது ஒருவருக்கு அவர் ஒவ்வொரு ஸ்வரமாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கேட்பவர் ஐந்து கோட்டில் எழுத வேண்டும். இதற்குக் காசும் கொடுக்க வேண்டும். ஒரு குழுவுக்கு எட்டுக் கருவி என்றால் எட்டுப் பகுதியையும் தனித்தனியாகத் தலைக்குள் வைத்திருக்க வேண்டும். ஆகவே, வேறு யாரோ எழுதிக் கொடுத்தார்கள் என்றால், ஆமாம், அவர் சொல்லச் சொல்லப் படி எடுத்துக் கொடுத்தார்கள். இசை முழுக்க அவருடையதுதான்.

யாருகிட்ட கத்துக்கிட்டாரு?

அயோவா மாநிலத்தின் பார்வையற்றோர் பள்ளியில் பிரெயில் இசையைக் கற்றார். பிறகு மெம்ஃபிஸில் கொஞ்ச காலம் பாடம் கேட்டார். மற்றதெல்லாம் பிரெயில் புத்தகங்களை விரலால் தடவித் தாமே படித்ததுதான்.

1943இல் நியூயார்க் வந்ததும் நேராகப் போனது கார்னகி ஹால் என்ற கச்சேரி அரங்குக்கு. அங்கே நியூயார்க் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் நடத்துநர் ஆர்தர் ரொஜின்ஸ்கி, ஒத்திகையில் உட்கார்ந்து கேட்க இவருக்கு அனுமதி கொடுத்தார். டிக்கெட் வாங்க வழியில்லாத ஒருவருக்கு இதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. கச்சேரியில் முடிந்த வடிவம்தான் கேட்கும். ஒத்திகையில் ஒரே இடத்தைப் பத்துத் தடவை நிறுத்தி நிறுத்தி வாசிப்பார்கள், எது ஏன் தவறு என்பது காதில் ஏறிவிடும். என் மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வதும் இதைத்தான், கச்சேரிக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, ஒத்திகைக்குப் போய் ஒரு மூலையில் உட்காருங்கள்.

அப்போ பிச்சை எடுத்தாரா? வீடு வாசல் இல்லையா?

அதிகமாக வரும் கேள்வி இது. பெரியவர்கள்தான் கேட்கிறார்கள், பிள்ளைகள் கேட்பதில்லை.

தெருவில் நின்றார், ஆனால் தெருவில்தான் வாழ்ந்தார் என்பது சரியில்லை. தங்க இடமில்லாத நாட்கள் இருந்தது உண்மை. பெரும்பாலான காலம் மன்ஹாட்டனின் மேற்பகுதியில் ஒரு இருப்பிடம் வைத்திருந்தார். நியூயார்க் மாநிலத்தின் காண்டர் என்ற கிராமப்புறத்தில் கொஞ்சம் நிலமும் ஒரு சிறு குடிலும் இருந்தன. தெரு அவருக்கு வேலை செய்யும் இடம். அங்கே நின்று கருவி வாசித்தார், தம் கவிதைகளையும் இசைத்தாள்களையும் விற்றார், வருகிறவர்களோடு பேசினார். இசைக் கலைஞர்கள் நடந்து போகும் தெருவாகப் பார்த்தே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். 52ஆம் தெரு அந்தக் காலத்தில் ஜாஸ் கூடங்களுக்குப் பேர்போனது. சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் அங்கே நின்று இவரோடு பேசியிருக்கிறார், சேர்ந்து ஒரு பதிவு செய்யலாம் என்றும் பேச்சு இருந்தது. அதற்குள் 1955இல் பார்க்கர் இறந்துவிட்டார். அந்தத் துக்கத்தில் மூன்டாக் எழுதியதுதான் 'பேர்ட்ஸ் லமென்ட்'; பேர்ட் என்பது பார்க்கரின் பட்டப்பெயர். இன்று அவரை உலகம் அறிந்திருப்பது பெரும்பாலும் அந்த ஒரு படைப்பால்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சம்பவம் நினைவுக்கு வரும். ஜாலான் துன் சம்பந்தனில் அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் உள்ள நடைவழியில், உட்கார்ந்து கீபோர்டு வாசித்துப் பாடும் பார்வையற்ற அண்ணன் ஒருவரைப் பல வருடமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். போகும்போது ஒரு ரிங்கிட் போடுவேன். ஒருநாள் போட்டுவிட்டு நகரும்போது, "அண்ணே, காசு போட்டதும் ஓடாதீங்க, சரணம் இனிதான் வருது" என்றார். நின்றேன். சரணத்தில் அவர் மூலப் பாட்டில் இல்லாத ஒரு சங்கதி போட்டார், அவ்வளவு சுத்தமாக. தாளம் சொல்லிக் கொடுக்கும் நான் அத்தனை வருடமும் ஒரு சரணம்கூடக் கேட்காமல் போயிருக்கிறேன் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அந்தக் கொம்பு வெச்ச தொப்பி எதுக்கு? மனநிலை சரியில்லையா?

நீண்ட தாடி, முடி, மேலங்கி. தொடக்கத்தில் பார்ப்பவர்கள் எல்லாரும் இயேசு மாதிரி இருக்கிறார் என்று சொன்னார்களாம். போதகரின் மகனாக இருந்தும் கிறிஸ்துவ நம்பிக்கையை விட்டு விலகியவர் அவர், அதனால் அந்த ஒப்பீடு பிடிக்கவில்லை. வடஐரோப்பாவின் பழைய தெய்வக் கதைகளில் மனம் போயிருந்தது. தோர் என்ற இடிதெய்வத்துக்குக் காண்டர் நிலத்தில் ஒரு பீடம்கூட வைத்திருந்தார். ஆகவே கொம்பு வைத்த தலைக்கவசம், கையில் ஈட்டி என்று, அந்தப் பக்கத்துப் பழங்காலக் கடலோடிகளான வைக்கிங் வீரன் கோலத்துக்கு மாறினார். உடைகளையும் சதுரத் துண்டுகளை இணைத்துத் தாமே தைத்துக்கொண்டார். 'ஆறாம் அவென்யூவின் வைக்கிங்' என்ற பட்டம் அப்படி வந்தது. உண்மையான வைக்கிங்குகள் கொம்புத் தொப்பி போட்டதில்லை, அது 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை நாடக மேடையிலிருந்து பரவிய வழக்கம்.

மனநிலை பற்றி: எட்டுக் குரலில் பிசகில்லாத கணக்கோடு எழுதி, அதை வாய்மொழியாகவே சொல்லிப் படியெடுக்க வைத்தவரைப் பற்றி அப்படிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. தைப்பூசத்தன்று பத்து மலையில் வேலும் அலகும் குத்திக்கொண்டு நடக்கிறவரை ஊர் பெயர் தெரியாத பயணி ஒருவர் பார்த்தால் என்ன நினைப்பார்? அவரவர் நம்பிக்கைக்கு அவரவர் கோலம்.

அந்த முக்கோண மேளம் கடையில் கிடைக்குமா?

அதன் பெயர் டிரிம்பா. 1940களின் பிற்பகுதியில் மூன்டாக்கே உருவாக்கியது. மரத்தாலான முக்கோணப் பெட்டிகள். ஒரு கையில் குலுக்கினால் சரசரக்கும் மராக்கா, இன்னொரு கையில் கட்டைக்குச்சி. அதனால் அடியோடு கூடவே ஒரு சலங்கைச் சரசரப்பும் கேட்கும். கைவிரல் படாத மேளம் என்பதால் நம் பிள்ளைகளுக்கு முதலில் வறட்டுச் சத்தமாகத் தோன்றும். இரண்டு நிமிடம் பொறுத்தால் அந்தச் சரசரப்பு பின்னணியில் ஓடுவது பிடிபடும்.

'ஊ' என்று ஒரு முக்கோண யாழ், 'ஹூஸ்' என்று வில் போட்டு வாசிக்கும் ஒரு நரம்புக்கருவி, இப்படி இன்னும் பல செய்தார். சுவீடனைச் சேர்ந்த ஸ்டெஃபான் லக்காடோஸ் டிரிம்பாவை அவரிடமே கற்று, அவர் மறைவுக்குப் பிறகும் மேடையில் வாசித்துவந்தார். கடையில் தேட வேண்டாம், கிடைக்காது. தச்சரிடம் சொல்லிச் செய்யலாம்.

தாளம் அப்படியே நம்ம சாப்பு மாதிரி இருக்கே, கர்நாடக சங்கீதம் படிச்சாரா?

படித்ததாக எந்தச் செய்தியும் இல்லை. ஆனால் கேட்பவர் காது தப்பாகக் கேட்கவில்லை. மேற்கத்திய ஜனரஞ்சக இசை பெரும்பாலும் நாலு நாலாக எண்ணும் காலத்தில் இவர் ஐந்திலும் ஏழிலும் எழுதினார். நாலு எண்ணிக்கையிலேயே கிடந்து சாக மாட்டேன் என்ற பொருளில் அவர் சொன்னது பிரசித்தம். நெளிந்து நெளிந்து போவதால் அந்த நடைக்குப் 'பாம்புத் தாளம்' என்று பொருள்படும் ஒரு பெயரும் வைத்தார்.

ஐந்து என்றால் நமக்குக் கண்ட சாப்புத் தாளம்: தக தகிட. ஏழு என்றால் மிஸ்ர சாப்பு: தகிட தகதிமி. வகுப்பில் நான் செய்வது இதுதான், அவருடைய ஐந்து எண்ணிக்கைத் துண்டு ஒன்றை ஓடவிட்டு, எதுவும் சொல்லாமல் கை போடச் சொல்வேன். பத்து வயதுப் பிள்ளைகள் மூன்றாவது சுற்றில் பிடித்துவிடுவார்கள். கிட்டார் மட்டும் படித்த அண்ணன்மார் தடுமாறுவார்கள். இதில் பெருமைப்பட நமக்கு ஒன்றும் இல்லை, பழக்கம்தான். ஒரு வித்தியாசமும் உண்டு. நாம் சாப்பில் கோர்வை (கணக்காகக் கோத்த சொற்கட்டு) போட்டு, கணக்கை ஏற்றி, தீர்மானம் என்ற முத்தாய்ப்பில் இறக்குவோம். அவர் ஏற்றமாட்டார். தொடங்கிய நடையை அப்படியே ஓடவிட்டு அதன்மேல் குரல்களை அடுக்குவார். கோர்வைக்குக் காத்திருந்தால் ஏமாற்றமாக இருக்கும். நடையிலேயே உட்காரக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த ஐந்தும் ஏழும் அவருக்கு எங்கிருந்து வந்தன என்றால், வயோமிங்கில் தட்டிய அந்த எருமைத்தோல் மேளத்தை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நடக்கும் அடி, ஓடும் அடி என்று அந்த மக்களின் மேளத்தைப் பிரித்துக் காட்டுவார்.

ஒரே வரி திரும்பத் திரும்ப வருது, போரடிக்குதே?

திரும்ப வருவது உண்மை, ஆனால் அதே இடத்தில் வருவதில்லை. அவர் எழுதியதில் பெரும்பகுதி கேனன் என்ற வகை. ஒருவர் ஒரு வரியைத் தொடங்குவார். அவர் இரண்டாம் அடிக்குப் போகும்போது இன்னொருவர் முதல் அடியைத் தொடங்குவார். மூன்றாமவர் இன்னும் தள்ளி. எல்லாரும் பாடுவது ஒரே வரிதான், ஆனால் எந்த நொடியை வெட்டிப் பார்த்தாலும் எல்லாக் குரலும் ஒன்றோடொன்று இணங்க வேண்டும். எழுதும்போதே அந்த வரி தன்னோடு தானே பொருந்தும்படி எழுத வேண்டும். இளையராஜா பாடல்களில் இரண்டு ராகவரிகள் எதிரெதிரே ஓடி இணையும் கவுண்டர்பாயிண்டைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் குடும்பத்தில் மிகக் கட்டுப்பாடான பிள்ளை கேனன்.

திருவிழா ஊர்வலத்தில் இரண்டு உறுமி மேளக் குழுக்கள் எதிரெதிரே வந்தால் சத்தம் மோதும், காது அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். மூன்டாக்கிடம் நாலு பேர் நாலு நேரத்தில் வந்தாலும் மோதல் கிடையாது. இந்த விஷயத்தில் அவர் படு கண்டிப்பு. எதிர்வரி எழுதும் விதிகளில் ஒன்றைக்கூடத் தளர்த்தமாட்டார். கோலத்தைப் பார்த்துக் கட்டற்ற கலைஞர் என்று நினைக்கிறோம், இசையில் அவர் சட்டத்துக்கு அடங்கிய மனிதர். போரடித்தால் ஒரு வழி சொல்கிறேன்: முதல் தடவை முதற்குரலை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை இரண்டாம் குரலை. பெரும்பாலானவை இரண்டு மூன்று நிமிடம்தான், நேரம் போகாது.

ராக் அன் ரோலுங்கற பேரே இவராலதான் வந்துச்சாமே?

பாதி உண்மை. ஆலன் ஃப்ரீட் என்ற வானொலி அறிவிப்பாளர் கிளீவ்லாந்திலும் பிறகு நியூயார்க்கிலும் தம் நிகழ்ச்சிக்கு 'மூன்டாக்' என்ற பெயரையே வைத்துக்கொண்டார். நிகழ்ச்சியில் இவருடைய இசைத்தட்டு ஒன்றையும் கேட்காமல் கொள்ளாமல் ஒலிபரப்பினார். ஃப்ரீட் நியூயார்க்குக்கு வந்தபின் 1954இல் இவர் வழக்குப் போட்டார். தெருவில் நிற்கும் பார்வையற்ற ஒருவர், நாட்டின் மிகப் பிரபலமான வானொலிக் குரலுக்கு எதிராக. இவர் உண்மையான இசையமைப்பாளர்தான் என்று ஜாஸ் கலைஞர் பென்னி குட்மேனும் ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர் டாஸ்கனினியும் ஆதரவாகச் சொன்னது பெரிதும் உதவியது என்று மூன்டாக் நம்பினார். வழக்கில் வென்றார். ஃப்ரீட் அந்தப் பெயரைக் கைவிட்டு, நிகழ்ச்சியை 'ராக் அன் ரோல்' பெயரில் நடத்தினார்.

அந்தச் சொல் அதற்கு முன்பே கறுப்பின மக்களின் பாடல்களில் புழங்கியதுதான். அதை மூன்டாக் உருவாக்கவில்லை. ஃப்ரீட் தம் நிகழ்ச்சியின் தலைப்பில் அதை உறுதியாகப் பிடித்துக்கொள்ள இந்தத் தீர்ப்பு ஒரு காரணமானது, அவ்வளவுதான்.

பெரிய கம்பெனி எதுவும் இவர் இசையை வெளியிடலையா?

வெளியிட்டார்கள். 1950களில் எபிக், பிரெஸ்டீஜ் நிறுவனங்கள் தட்டு போட்டன. 1957இல் ஜூலி ஆண்ட்ரூஸ் பாடிய குழந்தைப் பாடல் தட்டு ஒன்றுக்கும் இவர் இசை இருக்கிறது. முக்கியமானது 1969இல் கொலம்பியா வெளியிட்டது. முதல்முறையாக இவர் மனத்தில் இருந்த ஆர்க்கெஸ்ட்ரா முழுதாகக் கிடைத்தது அப்போதுதான், வயது 53. இரண்டு வருடம் கழித்து வந்த அடுத்த தட்டில் கேனன் வகைச் சுற்றுப்பாடல்களைத் தம் மகள் ஜூனோடு சேர்ந்து பாடியிருக்கிறார். இவருடைய 'ஆல் இஸ் லோன்லினஸ்' என்ற சுற்றுப்பாட்டை ராக் பாடகி ஜேனிஸ் ஜாப்ளின் இருந்த குழு 1967இல் தங்கள் முதல் தட்டில் பாடியது.

மினிமலிசத்துக்கு இவர்தான் அப்பான்னு சொல்றாங்களே, சரியா?

கல்லூரியில் இசை படிக்கும் பிள்ளைகள் கேட்பது. சிறு துண்டைத் திரும்பத் திரும்ப வைத்து வளர்க்கும் அந்த இசைமுறைக்குப் பேர்போன பிலிப் கிளாஸ், ஸ்டீவ் ரைக் இருவருக்கும் இவரிடம் பெரிய மரியாதை. 1960களின் இறுதியில் ஏறக்குறைய ஓராண்டு இவர் கிளாஸின் வீட்டிலேயே தங்கியிருந்தார். அப்போது கிளாஸ், ரைக், ஜான் கிப்சன் ஆகியோர் இவரோடு உட்கார்ந்து இவருடைய சுற்றுப்பாடல்களைப் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் அப்பா பட்டத்தை அவரே வாங்கிக்கொள்ளவில்லை. திரும்ப வருவதையெல்லாம் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் எப்போதோ செய்துவிட்டார் என்பதே அவர் பதில். என் கருத்தும் அதுதான். மேலே கேனன் பற்றிச் சொன்னதைப் படித்திருந்தால் தெரியும், அவர் முகம் பின்னால் பார்த்திருந்தது, பழைய ஐரோப்பிய விதிகளை நோக்கி. இளையவர்கள் அவரிடம் புதுமையை எடுத்துக்கொண்டது அவர்கள் காதின் சிறப்பு.

மனைவி, பிள்ளைங்க?

இரண்டு தடவை மணமுடித்தார். 1952இல் மணந்த சுசுகோவின் மகள்தான் ஜூன். பிரெஸ்டீஜ் தட்டு ஒன்றில் சுசுகோ கைக்குழந்தைக்கு ஜப்பானியத் தாலாட்டுப் பாட, இவர் மெல்லத் தாளம் தட்டுவது கேட்கும். பிள்ளைகளை அழைத்துப் போக வரும் அம்மாக்கள் எப்போதும் 'இன்னொரு தடவை போடுங்க மாஸ்டர்' என்று கேட்பது அதைத்தான்.

திடீர்னு தெருவிலிருந்து காணாமப் போனாராமே, செத்துட்டார்னு கூட நினைச்சாங்களாம்?

ஆமாம். 1974இல் ஃப்ராங்க்ஃபர்ட் வானொலி நிலையம் ஒரு கச்சேரிக்கு அழைத்தது. போனவர் ஜெர்மனியிலேயே தங்கிவிட்டார். பாஹ் பிறந்த நாடு என்ற பாசம் அவருக்கு. நியூயார்க்கில் அவர் நின்ற இடம் காலியானதும் பலர் அவர் இறந்துவிட்டதாகவே முடிவு கட்டினார்கள்.

ஜெர்மனியிலும் முதலில் தெருவில்தான் நின்றார். ரெக்லிங்ஹவுசன் நகரில் அவரைப் பார்த்த இலோனா கோபல் என்ற மாணவி, ஓயர்-எர்க்கென்ஷ்விக்கில் இருந்த தம் குடும்ப வீட்டுக்கே அவரை அழைத்துப் போனார். அதன்பின் அவருடைய வாழ்க்கையே மாறியது. பிரெயிலைச் சாதாரண இசைக்குறிப்பாக மாற்றும் வேலை பற்றி மேலே சொன்னேன், அதை இலோனா ஏற்றுக்கொண்டார். பதிப்பும் கச்சேரி ஏற்பாடும் அவர் பொறுப்பு. வைக்கிங் உடையையும் விடச் செய்தார். கடைசி 25 ஆண்டுகளில் அவர் எழுதிக் குவித்ததற்கெல்லாம் இந்தப் பெண்மணியின் கை காரணம். அவரைப் பற்றிப் பேசாமல் மூன்டாக்கைப் பேசினால் கதை பாதிதான்.

1989இல் ஒரு தடவை நியூயார்க் திரும்பினார். புரூக்ளினில் நடந்த இசை விழாவில் தம் இசையைத் தாமே நடத்தினார். குச்சியை வீசி அல்ல, ஓரத்தில் உட்கார்ந்து மேளம் தட்டி. வாத்தியக்காரர்கள் அந்த அடியைக் கேட்டுப் பின்தொடர்ந்தார்கள். மிருதங்கக்காரனான எனக்கு இதில் வியப்பே இல்லை.

எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

முதலில் 'பேர்ட்ஸ் லமென்ட்', இரண்டு நிமிடம்கூட ஓடாது. அடியில் ஒரு பேஸ் வரி மாறாமல் நடக்கும், மேலே சாக்ஸபோன் அழும். அப்புறம் 1969 தட்டு முழுவதும், ஒரே மூச்சில். அதன்பின் 1950களின் தெருப்பதிவுகள், டிரிம்பாவுக்காக. கடைசியாக 1990களின் சாக்ஸபோன் தொகுதி 'சாக்ஸ் பாக்ஸ் ஃபார் எ சாக்ஸ்'. வரிசையை மாற்றித் தெருப்பதிவிலிருந்து தொடங்கினால் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், என் அனுபவத்தில்.

அந்தத் தெரு எப்படிக் கேட்டிருக்கும் மாஸ்டர்?

இதைக் கேட்டவன் 14 வயது மாணவன், பார்வையில்லாதவன். மற்ற எல்லாரும் 'எப்படி இருந்தார்' என்று கேட்க, இவன் மட்டும் இப்படிக் கேட்டான்.

அதற்குப் பதில் பதிவிலேயே இருக்கிறது. 1953 வாக்கில் டோனி ஷ்வார்ட்ஸ் என்ற ஒலிப்பதிவாளர், மூன்டாக் நின்ற இடத்துக்கே கருவியோடு போய்ப் பதிவு செய்தார். கார்கள் போகின்றன, ஆட்கள் பேசுகிறார்கள், நடுவில் டிரிம்பா. மூன்டாக்கும் அந்த ஒலிகளைத் தொந்தரவாக நினைக்கவில்லை, இசையோடு சேர்த்துக்கொண்டார். ஒரு பிரெஸ்டீஜ் துண்டில் 'குயின் எலிசபெத்' கப்பலின் சங்கொலியோடு அவர் மூங்கில் குழல் ஊதுகிறார்.

பையனுக்குத் தெருப்பதிவைப் போட்டேன். ஜன்னலை மூடச் சொன்னான், வெளியே மோனோரயில் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் அசையாமல் கேட்டுவிட்டு, "பின்னாடி சுவர் இருக்கு மாஸ்டர், ரொம்பப் பக்கத்துல. அடி போயிட்டு உடனே திரும்பி வருது பாருங்க" என்றான். மூன்டாக் கட்டட வாசல்களில் ஒதுங்கி நின்று வாசிப்பவர் என்று நான் படித்திருந்தேன், அவனிடம் சொன்னதில்லை. எத்தனையோ தடவை கேட்ட பதிவு, எனக்கு அந்தச் சுவர் கேட்டதே இல்லை. முதலிலிருந்து மறுபடி போடச் சொன்னேன். இந்தத் தடவை அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடி திரும்பும்போதும் விரலால் அழுத்திக் காட்டினான்.